பெட்ரோல் மானியின் பொய்யும் அதன் வடிவமும்

காரின் முகப்புப் பலகையில் இருக்கும் பெட்ரோல் மானி பெட்ரோலை அளப்பதில்லை என்பதே இப்பொருளைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டிய இடம். தொட்டியில் உள்ள எரிபொருளின் மட்டம் ஒரு மிதவையை உயர்த்துகிறது. மிதவையின் கை ஒரு மின்தடைச் சுருளின்மேல் ஊர்ந்து அதன் மதிப்பை மாற்றுகிறது. அம்மதிப்புக்கேற்பக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது. அந்த மின்னோட்டம் மானிக்குள் ஒரு பட்டையைச் சூடாக்கியோ ஒரு சுருளைக் காந்தமாக்கியோ முள்ளைத் தள்ளுகிறது. நான்கு கை மாறி வரும் செய்தி இது. இடையில் எந்தக் கை தவறினாலும் முள் தவறான இடத்தில் நிற்கும். ஆயினும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவது முள் ஒன்றே என்பதால் பழி பெரும்பாலும் மானியின்மேல் விழுகிறது. மானியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திய பிறகும் முள் பழைய இடத்திலேயே நிற்பதைக் கண்டு உரிமையாளர் திகைப்பது, பழைய கார்களைப் பேணுவோரிடையே புதிய காட்சியன்று.

இவ்வுரை நிறுவ முயல்வது ஒரே ஒரு கருத்தை. பழுதான பெட்ரோல் மானி வாய்க்கு வந்தபடி பொய் சொல்வதில்லை. அதன் பொய்க்கு ஒரு வடிவம் உண்டு. தொட்டி நிறைந்திருக்கையில் மட்டும் தவறுகிறதா, காலியாக இருக்கையில் மட்டும் தவறுகிறதா, இரு முனையிலும் ஒரே திசையில் தவறுகிறதா, நடுவில் ஒரு மட்டத்தில் மட்டும் தடுமாறுகிறதா என்பதைக் கவனித்தால், திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே பழுது எந்தப் படியில் இருக்கிறது என்று பெருமளவு கணிக்க முடியும். இக்கணிப்புக்குத் தேவையான கணிதம் பள்ளிக்கூடத்து ஓம் விதிக்கு மேற்பட்டதன்று.

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுபவை, 1950களிலும் 1960களிலும் பிரிட்டனில் உருவான மோரிஸ் மைனர், மினி, எம்ஜிபி முதலிய கார்களும் அவற்றில் பொருத்தப்பட்ட ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மானிகளும் ஆகும். ஸ்மித்ஸ், லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிக் கார்க் கருவிகளுக்கு வந்த நிறுவனம். முள்ளும் முகப்பும் கொண்ட பொருள்களைச் செய்வோர் கடிகாரத்திலிருந்து வேகமானிக்கும் பெட்ரோல் மானிக்கும் நகர்ந்தது இயல்பே. இக்குடும்பத்தின் உறவினர்கள் இந்தியச் சாலைகளிலும் ஓடினர். உத்தரபாராவில் உருவான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது; சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் வழித்தோன்றல். ஆகவே கீழே வரும் முறை இவ்வண்டிகளை வைத்திருப்போருக்கும் பயன்படும். ஆனால் தம் வண்டியில் இருப்பது எந்த வகை மானி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்கான காரணம் விரைவில் விளங்கும்.

தொடக்கக் காலக் கார்களில் இத்தொல்லையே இல்லை. ஃபோர்டின் மாடல் டி வண்டியில் இருக்கையைத் தூக்கி, தொட்டிக்குள் அளவுக்கோல் விட்டுப் பார்த்தனர். அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில் தொட்டி முகப்புப் பலகைக்குப் பின்னாலேயே இருந்ததால், மிதவையோடு பிணைந்த எண்வட்டு நேராக ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிந்தது. 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு வண்டியில் மின்சாரமே இல்லாத இன்னொரு வழி கையாளப்பட்டது: தொட்டியின் அடியில் பெட்ரோலின் எடையால் அழுத்தப்படும் காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே முன்னால் வந்து, கண்ணாடிக் குழலில் ஒரு சிவப்புத் திரவத்தை உயர்த்தியது. வோல்க்ஸ்வாகன் பீட்டில் 1961 வரை பெரும்பாலும் மானியே இல்லாமல் ஓடியது; பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் விக்கும்போது ஓட்டுநர் காலடியில் இருந்த சேமிப்புக் குழாயைத் திருப்பிக்கொள்வார். தொட்டி வண்டியின் பின்பக்கம் போன பிறகு, செய்தியை நீண்ட தொலைவு கொண்டுவர மின்கம்பி எளிதாயிற்று. அதன் வழியே பொய்யும் உள்ளே வந்தது.

மின்சார மானிகளில் இரு வகைகள் முக்கியமானவை. முதல் வகையை நகரும் இரும்பு மானி என்பர். இதில் எதிரெதிராக அமைந்த இரு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று முள்ளைக் காலி முனைக்கும் மற்றது நிறைந்த முனைக்கும் இழுக்க, இரண்டுக்கும் இடையே முள்ளோடு பிணைந்த ஒரு சிறு இரும்புத் துண்டு நிற்கிறது. தொட்டியில் உள்ள மின்தடை, இரண்டாம் சுருளுக்கு இணையாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. தொட்டி காலியாகும்போது அம்மின்தடை ஏறத்தாழ சுழியாகி, மின்னோட்டம் முழுவதும் இரண்டாம் சுருளைத் தவிர்த்துத் தொட்டி வழியே ஓடிவிடுவதால் முள் காலி முனைக்குச் சாய்கிறது. பெட்ரோல் கூடக்கூட மின்தடையும் கூடி, இரண்டாம் சுருளுக்கு உரிய பங்கு திரும்பி வருகிறது. இரு சுருள்களும் ஒரே மின்கலத்திலிருந்து உண்பதால், மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டின் இழுவையும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது. தராசின் இரு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டினால் முள் அசையாதது போல, இம்மானி மின்னழுத்த மாற்றத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாம் வகை வெப்ப மானி. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டைக்கு ஈருலோகப் பட்டை என்று பெயர். சூடேறினால் அது வளையும். அப்பட்டையின்மேல் ஒரு மெல்லிய கம்பி சுற்றப்பட்டு, அக்கம்பியின் வழியே தொட்டிக்குச் செல்லும் மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் கூடினால் பட்டை கூடுதலாக வளைந்து முள்ளை நிறைந்த முனைக்குத் தள்ளும். மின்னோட்டம் அறவே நின்றால் பட்டை ஆறி, முள் காலி முனையில் அமரும். எம்ஜிபி வண்டி 1962இல் நகரும் இரும்பு மானியோடு வெளிவந்து, 1964இன் இறுதிவாக்கில் வெப்ப மானிக்கு மாறியது. மாற்றத்தில் ஓட்டுநருக்குக் கிடைத்த ஆறுதல், முள்ளின் நிதானம். முன்னது வளைவில் பெட்ரோல் அலம்பும்போதெல்லாம் முள்ளையும் ஆட்டியது. பின்னது சூடேறவும் ஆறவும் நேரம் எடுத்துக்கொள்வதால் அலம்பலைக் கண்டுகொள்வதில்லை. மின்னியல் நோக்கில் பார்த்தால் துள்ளிய மானியே நேர்மையானது. அடக்கமாகத் தோன்றியதோ, மின்னழுத்தம் மாறினால் தானும் மாறும் குணத்தை உள்ளே வைத்திருந்தது.

அக்குணத்தைக் கட்டுப்படுத்தவே மின்னழுத்த நிலைப்படுத்தி என்னும் மூன்றாவது உறுப்பு சேர்ந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய இந்த உலோகப் பெட்டிக்குள் இருப்பதும் ஓர் ஈருலோகப் பட்டைதான். பட்டை சூடேறி வளைந்தால் அதன் முனையில் உள்ள தொடுமுனை விலகி மின்சாரம் அறுபடும். ஆறியதும் மீண்டும் தொட்டு மின்சாரம் ஓடும். இவ்வாறு விட்டு விட்டு ஓடும் மின்சாரம், மானியின் பட்டைக்கு நிலையான 10 வோல்ட்டுக்கு ஈடான சூட்டைத் தருகிறது. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு ஏறினால் பெட்டிக்குள் பட்டை விரைவில் சூடேறி விரைவில் அறுப்பதால், மானிக்குச் சேரும் சூடு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இப்பெட்டி செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதும், அதன் உடல் வண்டியின் உலோகத்தோடு நன்றாகத் தொட்டிருக்க வேண்டும் என்பதும் விதிகள். முகப்புப் பலகையின் பின்னால் கைக்கெட்டாத இடத்தில் இருப்பதால் இரண்டும் அடிக்கடி மீறப்படுகின்றன.

இப்போது வடிவங்களுக்கு வரலாம். வெப்ப மானியோடு இணையும் ஸ்மித்ஸ் தொட்டி உறுப்பு, அதாவது பட்டறைகளில் டேங்க் ஃப்ளோட் என்று சொல்லப்படும் மிதவையும் மின்தடையும் சேர்ந்த பகுதி, காலித் தொட்டியில் ஏறத்தாழ 240 ஓம் மின்தடையும் நிறைந்த தொட்டியில் ஏறத்தாழ 30 ஓம் மின்தடையும் காட்டும். கணக்குக்காக மானிக்குள் உள்ள கம்பியின் மின்தடையை 65 ஓம் என்று கொண்டால், 10 வோல்ட்டில் நிறைந்த தொட்டிக்கு 105 மில்லி ஆம்பியரும் காலித் தொட்டிக்கு 33 மில்லி ஆம்பியரும் ஓடும். சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மின்னோட்டம் மூன்று மடங்கே மாறினாலும், பட்டை உணரும் சூடு 0.07 வாட்டிலிருந்து 0.72 வாட்டுக்குப் பத்து மடங்கு மாறுகிறது. இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டுக்குள்தான் முள்ளின் முழுப் பயணமும் அடங்கியிருக்கிறது.

இனி, எங்கோ ஓரிடத்தில் துரு பிடித்து 20 ஓம் மின்தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். காலித் தொட்டியில் 240 ஓம் 260 ஆகிறது. முள்ளின் இடம் முழுப் பயணத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட நகர்வதில்லை. நிறைந்த தொட்டியிலோ 30 ஓம் 50 ஆகிவிடுகிறது. சூடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முள் நிறைந்த முனைக்கு வெகு முன்பே, மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் நின்றுவிடுகிறது. ஆகவே, காலியைச் சரியாகவும் நிறைவைக் குறைவாகவும் காட்டும் வெப்ப மானியைக் கண்டால், மானியையோ மிதவையையோ குறை கூறாமல், கம்பி வழியில் எங்கோ சேர்ந்துவிட்ட மின்தடையைத் தேட வேண்டும். தேடல் தொடங்க வேண்டிய இடம் எர்த்.

எர்த் என்று பட்டறைத் தமிழில் வழங்கும் புவியிணைப்பு, மின்சாரம் திரும்பி வரும் வழி. பழைய கார்களில் இவ்வழி தனிக் கம்பியன்று. வண்டியின் உடல் உலோகமே. தொட்டி உறுப்பிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் வழியே உடலுக்கும் மின்சாரம் செல்ல வேண்டும். இங்குதான் ஒரு முரண் நிகழ்கிறது. பொலிவாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டியில், பேணாமல் கிடந்த வண்டியைவிட இப்பழுது கூடுதலாகத் தோன்றுகிறது. புதிய தொட்டிக்குத் தடித்த வண்ணப்பூச்சு, உடலுக்கு அடிப்பூச்சு, இடையே அதிர்வைத் தாங்க ரப்பர்ப் பட்டை, திருகாணிக்குக் கீழே இன்னொரு பூச்சு என்று அடுக்கடுக்காக மின்காப்பு ஏறி, துருவும் செய்யாத தடையைத் தூய்மை செய்துவிடுகிறது. பெட்ரோல் குழாயில் ரப்பர் இணைப்பு இருந்தால் அந்த வழியும் அடைபடும். தொட்டி உறுப்பின் உடலிலிருந்து வண்டியின் பளிச்சென்ற உலோகத்துக்கு ஒரு தனிக் கறுப்புக் கம்பி இழுப்பது, இவ்வனைத்தையும் ஒரே செயலில் தீர்க்கிறது. மற்றப் பழுதுகளைத் தேடும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. செலவு மிகக் குறைவு, தீங்கு ஏதும் இல்லை.

நகரும் இரும்பு மானி உள்ள வண்டியில் இதே எர்த் குறை நேர் எதிரான பொய்யைச் சொல்லும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே மின்தடை கூடினால் பெட்ரோல் கூடியதாகப் பொருள். எனவே எர்த் விட்டுப்போனால், துளிப் பெட்ரோல் இல்லாத தொட்டிக்கும் முள் நிறைவைக் காட்டி நிற்கும். வெப்ப மானியின் எர்த் குறை ஓட்டுநரைத் தேவையின்றிப் பெட்ரோல் நிலையத்துக்கு அனுப்புகிறது. நகரும் இரும்பு மானியின் எர்த் குறை அவரை நடுவழியில் நிறுத்துகிறது. அமெரிக்க வண்டிகளிலும் இந்த இரு முகாம்கள் உண்டு. ஃபோர்டு நெடுங்காலம் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10 ஓம் என்று வைத்திருந்தது; ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் நடுவிலிருந்து காலிக்குச் சுழி, நிறைவுக்கு 90 ஓம் என்று வைத்தது. ஒன்றின் தொட்டி உறுப்பை மற்றதன் மானியோடு பிணைத்தால், வண்டி ஓட ஓட முள் ஏறும்.

மின்தடை கூடுவது ஒரு பழுது. மின்சாரம் கசிவது வேறொரு பழுது. பின்பெட்டியின் ஓரத்தில் கம்பியின் உறை தேய்ந்து, உலோகத்தை அரைகுறையாகத் தொட்டால், தொட்டி உறுப்புக்கு இணையாக இன்னொரு வழி திறக்கிறது. வெப்ப மானியில் இதன் வடிவம் மேற்கண்டதற்கு எதிர்ப்புறமானது: காலித் தொட்டியிலும் முள் சற்று உயரத்தில் நிற்கும், நிறைந்த தொட்டியிலோ முள் தடுப்பைத் தொட்டு நிற்பதால் வேறுபாடு கண்ணில் படாது. கம்பி முழுவதுமாக உலோகத்தைத் தொட்டுவிட்டால் முள் எப்போதும் நிறைவிலேயே கிடக்கும்.

மூன்றாவது வடிவம் நிலைப்படுத்தியினுடையது. அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், அல்லது அதன் உடலின் எர்த் போய் உள்ளே சூடேறுவது நின்றுவிட்டால், மின்சாரம் அறுபடாமல் முழு 14 வோல்ட்டும் மானிக்குப் போகும். மின்னழுத்தம் 1.4 மடங்கானால் சூடு அதன் இருமடியாக, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகும். பாதித் தொட்டிக்கு முள் நிறைவைக் காட்டும். எஞ்சின் நிற்கையில் ஓரிடமும் எஞ்சின் ஓடுகையில் உயர்ந்த வேறோர் இடமும், முன்விளக்கைப் போட்டதும் சற்றுத் தாழ்ந்த மற்றோர் இடமும் காட்டும் முள், நிலைப்படுத்தியைத் தவிர வேறெதையும் சுட்டுவதில்லை. தொடுமுனைகள் கரிந்து தொடாமலே போனால் முள் காலியில் உறங்கும். எஞ்சினின் சூட்டைக் காட்டும் வெப்பநிலைமானியும் அதே பெட்டியிலிருந்து உண்ணும் வண்டிகளில், இரு மானிகளும் சேர்ந்து உயர்வதும் சேர்ந்து உறங்குவதும் ஐயத்துக்கு இடமில்லாத சான்று. ஆனால் எம்ஜிபியின் பெரும்பாலான ஆண்டுகளில் வெப்பநிலைமானி, எஞ்சினிலிருந்து வரும் நுண்குழாயால் இயங்கியது. அதற்கும் நிலைப்படுத்திக்கும் தொடர்பில்லை. அவ்வண்டியில் வெப்பநிலைமானி ஒழுங்காக இருக்கிறது என்று நிலைப்படுத்தியை விடுவித்துவிடுவது, நிகழ்ந்த இடத்தில் இல்லாதவரைச் சாட்சியாக அழைப்பதாகும்.

நிலைப்படுத்தியைச் சோதிப்பதில் இன்றைய எண்காட்டும் மல்டிமீட்டர் ஏமாற்றிவிடும். மின்சாரம் விட்டு விட்டு வருவதால் அதன் எண்கள் சுழிக்கும் பன்னிரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் கருவி கெட்டுவிட்டது என்றே முடிவு செய்வார். முள் உள்ள பழைய மீட்டரோ ஒரு சிறு சோதனை விளக்கோ இங்கே மேலானது. விளக்கு மின்னி மின்னி எரிந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. பழுதான பெட்டிக்குள், 7810 என்னும் எண்ணுடைய மூன்று கால் மின்னணுச் சில்லை வைத்து நிலையான 10 வோல்ட்டைப் பெறுவது இப்போது பரவலான வழக்கம். இது மின்கலத்தின் எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். எம்ஜிபி உள்ளிட்ட பல பிரிட்டிஷ் வண்டிகளில் 1960களின் பிற்பகுதி வரை நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அவற்றுக்கு 7910 வேண்டும். மானிக்கோ இக்கவலை இல்லை. எத்திசையில் ஓடினாலும் மின்சாரம் கம்பியைச் சூடாக்கத்தான் செய்யும்.

இனிச் சோதனையின் வரிசை. முதலில் கவனிக்க வேண்டியது ஃபியூஸ். பிரிட்டிஷ் வண்டிகளின் கம்பிகளுக்கு நிற ஒழுங்கு உண்டு: சாவியைத் திருப்பியதும் ஃபியூஸ் வழியே உயிர்பெறும் கம்பிகள் பச்சை, நிலைப்படுத்தியிலிருந்து மானிக்குச் செல்வது இளம்பச்சையில் பச்சைக் கோடு, மானியிலிருந்து தொட்டிக்குச் செல்வது பச்சையில் கறுப்புக் கோடு. திருப்ப விளக்கும் பிரேக் விளக்கும் அதே பச்சைக் கம்பியில் இருப்பதால், அவை எரிந்தால் ஃபியூஸ் நலமே என்று கொண்டு மேலே செல்லலாம்.

அடுத்து, தொட்டி உறுப்பிலிருந்து பச்சைக்கறுப்புக் கம்பியைக் கழற்றிச் சாவியைத் திருப்ப வேண்டும். வெப்ப மானியானால் முள் காலிக்கு இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால் கம்பி வழியில் கசிவு இருக்கிறது. பிறகு அக்கம்பியின் நுனியை வண்டியின் உலோகத்தில் தொட்டால் முள் நிறைவை நோக்கி மெல்ல ஏற வேண்டும். ஏறினால் மானியும் கம்பியும் நல்லவை, பழுது தொட்டிப் பக்கம். ஏறாவிட்டால் பழுது முன்பக்கம். வண்டியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் இச்சோதனைக்கு இரு நிமிடங்கள் போதும். ஆனால் நேராக உலோகத்தில் தொடும்போது வழக்கத்தைவிடக் கூடுதலான மின்னோட்டம் ஓடி மானியின் கம்பியை வாட்டும் என்பதால், முள் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். இடையே ஒரு 30 ஓம் மின்தடையை வைத்துத் தொடுவது இன்னும் பாதுகாப்பானது. நகரும் இரும்பு மானியில் விடைகள் தலைகீழாக வரும்: கழற்றினால் நிறைவு, தொட்டால் காலி. வகையறியாமல் இச்சோதனையைச் செய்தவர், நலமான மானியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பழுதானதைப் போற்றி வைத்துக்கொள்வார். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழுகிறதா, அரை நிமிடத்துக்கு மேல் எடுத்து ஊர்கிறதா என்று பார்த்தாலே வகை தெரிந்துவிடும்.

பழுது தொட்டிப் பக்கம் என்று உறுதியானால் உறுப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஆபத்தைப் பற்றி ஒரு சொல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையிலும் பட்டறைக் குழியிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருக்கையில் அது தீப்பற்ற ஒரு பொறியே போதும். மூடிய தொட்டிக்குள் மின்கம்பி ஊர்ந்தும் வெடிக்காததற்குக் காரணங்களில் ஒன்று, அங்கே ஆவி அளவுக்கு மீறி அடர்ந்து எரியவே இயலாத நிலையில் இருப்பதுதான். தொட்டியைத் திறந்ததும் அந்த அரண் போய்விடுகிறது. எனவே மேற்சொன்ன மின்சோதனைகள் எல்லாம் தொட்டி மூடியிருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். உறுப்பைக் கழற்றுமுன் மின்கலத்தின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். பூட்டு வளையத்தைத் தட்டித் திருப்ப எஃகு உளி ஆகாது, பித்தளைத் துண்டு வேண்டும். மோரிஸ் மைனரில் உறுப்பு தொட்டியின் மேற்புறத்தில், பின்பெட்டித் தளத்தின் கீழ் இருப்பதால் வேலை எளிது. எம்ஜிபியில் அது தொட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. முதலில் தொட்டியை வடித்துக்கொள்ளாதவர் பெட்ரோலில் குளிப்பார்.

வெளியே வந்த உறுப்பை மல்டிமீட்டரில் இணைத்து, மிதவைக் கையை அடியிலிருந்து மேலே மெல்ல நகர்த்தினால், 240இலிருந்து 30 நோக்கி எண்கள் தடையின்றி இறங்க வேண்டும். ஓரிடத்தில் எண் மறைந்து மீண்டும் தோன்றினால், சுருளின் மெல்லிய கம்பி அவ்விடத்தில் தேய்ந்திருக்கிறது. வண்டி பெரும்பாலும் எந்த மட்டத்தில் பெட்ரோலோடு ஓடியதோ அந்த மட்டத்தில்தான் இத்தேய்வு நிகழ்வது வழக்கம். நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியில், உலர்ந்த பெட்ரோலின் பிசின் படிந்திருந்தாலும் இதே தோற்றம் கிடைக்கும். துடைத்துப் பார்த்த பிறகே தேய்வு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எண்கள் ஒழுங்காக வந்தும் முள் எப்போதும் காலியையே காட்டுமானால், மிதவை மூழ்கியிருக்கிறது. பித்தளைத் தகட்டை மூடிப் பற்றவைத்துச் செய்த மிதவை, பற்று விட்ட நுண்துளை வழியே பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தளும்பும் ஓசை கேட்கும், சுடுநீரில் அமிழ்த்தினால் துளையிலிருந்து குமிழிகள் வரும். அதன்மேல் நேராகப் பற்றவைப்பு இரும்பை வைப்பது, ஒரு சிறு வெடிகுண்டைச் சூடாக்குவதற்கு ஒப்பானது. இன்னும் பழைய வண்டிகளில் தக்கை மிதவைகள் உண்டு. பெட்ரோல் ஊறாமலிருக்க அவற்றின்மேல் அரக்குப் பூசப்பட்டிருந்தது. மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுவோர் அரக்கை எதில் கரைப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அடுத்து வருவது விளங்கும். ஸ்பிரிட்டு என்பது ஆல்கஹால்; இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலந்திருக்கும் எத்தனாலும் ஆல்கஹாலே. அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த அரக்குப் பூச்சை அது கரைத்துவிட, தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்குகிறது. கரைந்த அரக்கு கார்புரேட்டர் வரை பயணம் செய்கிறது. அத்தகைய மிதவையை மாற்றுவதே வழி. மீண்டும் அரக்குப் பூசுவது வீண்.

புதிதாக வாங்கும் மாற்று உறுப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும்: பொருத்துவதற்கு முன் அவற்றின் இரு முனை மின்தடைகளை அளந்துகொள்ள வேண்டும். பழைய வடிவத்தைப் பார்த்துச் செய்தவை வடிவில் ஒத்திருக்கும். கம்பிச் சுற்றிலோ கையின் வளைவிலோ ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், நடு மட்டங்களில் முள் சரியாக நிற்கப் பழைய உறுப்புகளில் சுருள் சுற்றும் அட்டையையே ஒருபுறம் அகன்றும் ஒருபுறம் குறுகியும் வெட்டியிருப்பார்கள். ஒரே அகலத்தில் சுற்றிய மலிவான உறுப்பு, இரு முனையில் சரியாகவும் நடுவில் தவறாகவும் காட்டும்.

எல்லாம் சரியான பிறகும் எஞ்சும் சிறு பிழைக்கு மானியையே திருத்தலாம். ஸ்மித்ஸ் வெப்ப மானியின் முதுகில், தக்கை வில்லையால் மூடிய இரு சிறு துளைகள் உண்டு; அவற்றின் வழியே ஒன்றில் காலி முனையையும் மற்றதில் நிறைவு முனையையும் சற்றே நகர்த்தலாம். மேசைமேல் நிலையான 10 வோல்ட்டு கொடுத்து, தொட்டிக்குப் பதிலாக 240 ஓம், 30 ஓம் மின்தடைகளை மாறி மாறி இணைத்து, ஒவ்வொரு முறையும் முள் அமர ஓரிரு நிமிடம் காத்திருந்து திருத்த வேண்டும். ஒரு முனையைத் திருத்தினால் மற்றது சிறிது நகரும் என்பதால் இருமுறை மும்முறை சுற்றி வர நேரும். வண்டியில் பொருத்திய பின், வடித்த தொட்டியில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள்ளின் இடத்தைக் குறித்துக்கொண்டால், அந்த ஒரு வண்டிக்கே உரிய அட்டவணை கிடைக்கும். இரு முனைகளும் ஒருசேரப் பொருந்தாத வண்டியில் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தெளிவு: காலி முனையையே சரி செய்ய வேண்டும், அதுவும் தொட்டியில் ஐந்து லிட்டர் இருக்கும்போதே முள் காலியில் அமரும்படி மிதவையின் கையைச் சற்று வளைத்து. நிறைவுப் பக்கத்தில் முள் ஓர் அரிசி அகலம் குறைந்து நின்றால், அதை அப்படியே விட்டுவிடலாம்.